சேந்தன்கரை எம்.எல்.ஏ.வின் கால்கள்

சேந்தன்கரைச் சட்டமன்றத் தொகுதி வடக்கே முள்ளோடைப் பாலத்தோடு முடிகிறது. பாலம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், வருசத்தில் நாலு நாள் அதன் அடியில் தண்ணீர் போகும், மற்ற நாளெல்லாம் ஆடு போகும், அவ்வளவுதான். அந்தப் பாலத்தின் நடுவில்தான், ஜெயித்த நாலாம் நாள் காலையில், பதவி ஏற்கச் சென்னைக்குப் புறப்பட்ட எம்.எல்.ஏ. ஆவுடைத்தங்கத்தின் கால் நின்றுபோனது.

முதலில் வண்டியில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். டிரைவர் சங்கிலி இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தான், ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்தான், சக்கரம் சுற்றிப் புகை வந்ததே தவிர வண்டி ஒரு விரற்கடை நகரவில்லை. எல்லோரும் இறங்குங்கள் என்றான், இறங்கினார்கள், வண்டி ஜம்மென்று போனது. எல்லோரும் ஏறினார்கள், நின்றது. ஒவ்வொருவராக இறக்கிப் பார்த்ததில் ஆவுடைத்தங்கம் இறங்கினால் வண்டி போகிறது, ஏறினால் நிற்கிறது என்று தெரிந்தது. சரி, நடந்தாவது தாண்டுவோம் என்று அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். பாலத்தின் நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருந்தது, அது வரைக்கும் வந்த கால் அதற்குமேல் வரமாட்டேன் என்றது. வலியில்லை, மரத்துப்போகவுமில்லை. பின்னால் வா என்றால் வந்தது, பக்கவாட்டில் போ என்றால் போனது, முன்னால் மட்டும் தூக்கி வைக்க முடியவில்லை.

இதைக் கேட்டுத் தொகுதியே ஆடிப்போயிருக்கும் என்று நினைப்பீர்கள். ஒன்றும் ஆடவில்லை. இதற்கு முன்னால் சேந்தன்கரையில் ஜெயித்தவர்கள் ஆறு பேர், ஆறு பேரும் ஜெயித்த சான்றிதழை வாங்கின கையோடு அதே பாலத்தைத் தாண்டிப் போனவர்கள், அடுத்த தேர்தலுக்குத்தான் திரும்பித் தாண்டினார்கள். அதில் ஒருத்தர் ஐந்து வருசம் கழித்து ஓட்டுக் கேட்டு வந்தபோது, புதிதாகக் கடை போட்ட மருந்துக்கடைக்காரர் என்று நினைத்து அவரிடம் இருமலுக்கு மாத்திரை கேட்டவர்கள் உண்டு. தொகுதிக்குள் கால் வைக்காத எம்.எல்.ஏ. ஆறு பேரைப் பார்த்துவிட்ட சனத்துக்கு, தொகுதியை விட்டுக் கால் வைக்க முடியாத எம்.எல்.ஏ. ஒருத்தி வாய்த்தது நியாயமாகத்தான் பட்டது. "கடைசியில நம்ம தலையெழுத்தும் மாறிட்டுப் பாத்தியா" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஆவுடைத்தங்கம் யாரென்று கேட்டால், கடற்கரைப் பக்கம் அளத்துக்குடியிருப்பு என்கிற ஊரில் இருபத்திரண்டு வருசம் உப்பளத்தில் உப்பு வாரினவள். பாத்தியில் நின்று நின்று கால் வெடித்துப்போகாமல் இருக்க, முழங்கால் வரைக்கும் வருகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாருபலகை பிடித்தவள். எந்தக் கட்சியும் சீட்டுக் கொடுக்காததால் சுயேச்சையாக, வாளி சின்னத்தில் நின்றாள். ஓட்டுக் கேட்டுப் போன இடத்திலெல்லாம் மற்றவர்கள் ரோடு போடுகிறேன், ஆஸ்பத்திரி கட்டுகிறேன் என்று அள்ளிவிட்டபோது இவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஆறு பேரு போனாங்க, ஒருத்தர்கூட அங்க வாயைத் தொறக்கல. நம்ம தொகுதின்னு ஒண்ணு இருக்குதுங்கதே அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நான் போயி சேந்தன்கரைங்கிற பேரச் சத்தமாச் சொல்லிட்டு வருவேன். மத்ததெல்லாம் அதுக்குப் பெறகு." அந்த ஒரு வாக்குறுதிக்கு ஆயிரத்து நூற்று எண்பத்துநாலு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள்.

ஜெயித்தும் ஒரு முள் அவளுக்குள் குத்திக்கொண்டுதான் இருந்தது. தொகுதியில் மொத்தம் இருநூற்று முப்பத்தேழு பூத்து. நூற்று நாற்பத்து மூன்றாம் பூத்தான ஊசிக்கிணற்றை எண்ணும்போது, "வாளி, பூஜ்யம்" என்று வாசித்தார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டும் அவளை எதிர்த்து நின்ற பெரிய கட்சி வேட்பாளர் கொம்பையாவுக்கு. அவர் ஊர்தான், விழட்டும். ஆனால் இவள் அந்த ஊருக்கு ரெண்டு தரம் போயிருக்கிறாள். கோடை வெயிலில் தொண்டை வறண்டு நின்றபோது ஓர் அம்மாள் வீட்டுக்குள்ளிருந்து தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு, குடி தாயி குடி என்று கொடுத்திருக்கிறாள். "அந்த மோர் குடுத்த கை கூடவா எனக்குக் குத்தல?" என்று எண்ணிக்கை மையத்திலேயே ஆவுடைத்தங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மாலை போட்டார்கள், வேட்டு வெடித்தார்கள், அந்தப் பூஜ்யம் மட்டும் போகவில்லை.

இப்படியாக எம்.எல்.ஏ. தொகுதியிலேயே இருக்க ஆரம்பித்தாள். அதிலே சனத்துக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. காதுகுத்து, கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றுக்கும் எம்.எல்.ஏ. நேரில் வந்தாள், வர முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை. பக்கத்துத் தொகுதிக்காரர்கள் முள்ளோடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, எம்.எல்.ஏ. என்றால் எப்படி இருப்பார் என்று பிள்ளைகளுக்குத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். பாலத்தடியில் முதலில் ஒரு டீக்கடை வந்தது, பிறகு வடைக்கடை வந்தது, பிறகு மனு எழுதித் தருகிற ஒருத்தர் மேஜை போட்டு உட்கார்ந்தார். இரண்டு பஞ்சாயத்துக்கு நடுவே ஒரு வேப்பமரம் யாருடையது என்று பதினாலு வருசமாக நடந்த வழக்கு ஒன்றுகூட அவள் காலால் தீர்ந்தது; மரம் தொகுதி எல்லையில் நின்றது, ஆவுடைத்தங்கத்தை நடக்கச் சொன்னார்கள், கால் நின்ற இடத்தில் சர்வேயர் கல் நட்டுவிட்டுப் போனார், எதிர்க்கட்சிக்காரர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கோர்ட்டு வக்கீல் ஒருத்தர் வந்து வாயைத் திறக்கிற வரைக்கும்.

"எம்மா, சந்தோசமெல்லாம் இருக்கட்டும். அறுபது நாள் சபைக்கு வரலைன்னா இடம் காலின்னு அறிவிச்சிருவாங்க. பெறகு இடைத்தேர்தல்தான். இன்னிக்கு முப்பத்தொம்பதாவது நாள்."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ஆவுடைத்தங்கத்துக்கு இறங்கவில்லை. பதவி போனால் போகிறது, உப்பு வார மறுபடி போய்விடலாம், அதற்கு அவள் அஞ்சவில்லை. பேரைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று இருநூற்று முப்பத்தேழு பூத்திலும் சொல்லியாகிவிட்டதே, அந்தச் சொல் போய்விடுமே என்றுதான் அழுதாள். ஏழாவது ஆளும் வாயைத் திறக்காமலே போனாள் என்று ஆகிவிடும்.

வழி காட்டினது ஒரு டிப்பர் லாரி. திருட்டுத்தனமாகத் தேரிமண் ஏற்றிக்கொண்டு போன லாரி, முள்ளோடைப் பாலத்தில் எம்.எல்.ஏ. உட்கார்ந்து மனு வாங்குவதைப் பார்த்துப் பயந்து வேகமெடுத்ததில், பின்கதவு திறந்து எல்லைக்கு அந்தப் பக்கம் செக்கச்செவேலென்று மண்ணைக் கொட்டிக்கொண்டே போனது. லாரி நம்பரைப் பார்க்கிற ஆத்திரத்தில் ஆவுடைத்தங்கம் எழுந்து ஓடினாள். நாலு எட்டு ஓடின பிறகுதான் தான் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிற்பது அவளுக்கே தெரிந்தது. குனிந்து பார்த்தால் காலுக்கடியில் சேந்தன்கரைத் தொகுதியின் தேரிமண்.

அவளோடு அளத்தில் வேலை பார்த்த ரெஜினாள் என்கிற மீனவர் வீட்டுப் பெண்தான் தேர்தலிலும் அவளுக்கு ஏஜெண்டு. கையில் பூத்துப் பட்டியல் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. அவள் துள்ளிக் குதித்தாள். "ஏட்டி ஆவுட, கால் எங்க போகமாட்டேங்குதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. மண்ணை விட்டுத்தான் போகமாட்டேங்குது. மண்ணையும் கூட்டிட்டுப் போ!"

அளத்து பூட்ஸை எடுத்து வந்தார்கள். ஊர் மண்ணை அதற்குள் போட்டார்கள். ஆவுடைத்தங்கம் காலை விட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள், பாலத்தைத் தாண்டி வண்டி போனது, சரியாக ரெண்டரை கிலோமீட்டர் போய் நின்றது. அதே மண்ணை இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டுப் பார்த்தார்கள், அசையவில்லை. பக்கத்து பூத்து மண் ஒரு சிட்டிகை கொண்டுவந்து போட்டார்கள், இன்னொரு ரெண்டரை கிலோமீட்டர் போனது. ரெஜினாள் பூத்துப் பட்டியலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒரு பூத்துக்கு ரெண்டரை கிலோமீட்டர். பாலத்திலிருந்து சென்னைக் கோட்டை வாசல் வரைக்கும் ஐநூற்றுத் தொண்ணூறு.

அதற்குப் பிறகு ஒரு வாரம் தொகுதி பட்ட பாடு இருக்கிறதே, அதைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சிட்டிகை போதும் என்றால் யார் கேட்கிறார்கள்? கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். தேரிக்காட்டுப் பனையேறிகள் சிவப்பு மண் கொண்டுவந்தார்கள், மேற்கே பருத்தி போடுகிறவர்கள் கரிசல் கொண்டுவந்தார்கள், கடற்கரைக்காரர்கள் வலை உலர்த்துகிற இடத்து மணலைக் கொண்டுவந்தார்கள். கோவில் வாசல் மண், சர்ச் வாசல் மண், பள்ளிவாசல் மண், பள்ளிக்கூட மைதானத்து மண். கரிசல்காரர்கள் எங்கள் மண் அடியில் போகக் கூடாது, மேலேதான் இருக்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றார்கள், தேரிக்காரர்கள் உடனே வரிந்து கட்டினார்கள். ரெஜினாள் ரெண்டு பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு முறத்தில் கொட்டிப் புடைத்துக் கலந்துவிட்டாள். "இப்பச் சொல்லுங்க, எது ஒங்க மண்ணு?" கலந்த மண் நல்ல காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது.

இருநூற்று முப்பத்தாறு பூத்து மண் சேர்ந்தது. ஊசிக்கிணறு மட்டும் வரவில்லை.

"போயி ஒரு வார்த்தை கேப்பமா?" என்றாள் ரெஜினாள்.

"செத்தாலும் கேக்க மாட்டேன்" என்றாள் ஆவுடைத்தங்கம். "மோரையும் குடுத்துட்டு முட்டையப் போட்ட ஊரு. அறுநூத்துப் பன்னெண்டு பேருல ஒருத்தருக்குக்கூட நான் மனுசியாத் தெரியல. அந்த மண்ணு எங் காலுக்கு வேண்டாம்."

ரெஜினாள் மறுபடி கணக்குப் பார்த்தாள். இருநூற்று முப்பத்தாறை ரெண்டரையால் பெருக்கினால் ஐநூற்றுத் தொண்ணூறு. கோட்டை வாசலும் ஐநூற்றுத் தொண்ணூறு. "கனகச்சிதம்! அந்த ஒண்ணக் கழிச்சு விட்டாலும் வாசல்ல கொண்டுபோயி விட்டுரும்" என்று பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்றின் மேல் ஒரு கோடு கிழித்தாள். தேர்தல் வேலை பார்த்துப் பழகினவர்கள் இப்படித்தான், விழாத பூத்தைக் கழித்து விட்டுவிட்டு மிச்சத்தில் ஜெயிக்க முடியுமா என்று பார்ப்பார்கள். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய.

ஐம்பத்தேழாம் நாள் புறப்பட்டார்கள். வழிநெடுக வண்டி ஓடுகிற சத்தத்தைத் தவிர ஒரு முனகல் இல்லை, மதுரை போனது, திருச்சி போனது, விழுப்புரத்தில் சாப்பிட்டார்கள், ஐம்பத்தெட்டாம் நாள் காலையில் கோட்டை மதில் தெரிந்தது. வாசலில் வண்டி நின்றது. ஆவுடைத்தங்கம் முழங்கால் உயர பூட்ஸோடு இறங்கினாள், வெளுத்த பச்சைக் கரைச் சேலையைச் சரி செய்துகொண்டாள், வாசற்படியில் ஒரு காலை வைத்தாள், இன்னொரு காலைத் தூக்கினாள். வரவில்லை.

வாசல் வரைக்கும்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். வாசலிலிருந்து சபைக்குள் அவளுடைய நாற்காலி வரைக்கும் எவ்வளவு தூரம் என்று யாரும் அளக்கவில்லை.

ரெஜினாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். டிரைவர் சங்கிலி எம்.எல்.ஏ.வைத் தூக்கிப் பார்த்தான், பாறையைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், "அம்மா, வழியில நிக்கக் கூடாது" என்றார். "நானும் அதத்தான் சொல்லுதேன், கால் கேக்கணுமே" என்றாள் ஆவுடைத்தங்கம். விசயம் தெரிந்ததும் அவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், குடையும் பிடித்தார். அன்று பகல் முழுக்க அவள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தாள். மற்ற தொகுதி எம்.எல்.ஏ.க்கள் கார் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று மெல்ல விளங்கியது. தனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டும் எம்.எல்.ஏ.வாக இருக்கிறவளுக்கு வாசல் வரைக்கும்தான் தூரம். அந்த நாற்காலிக்குப் போகிற கடைசி நூறு கஜம், ஓட்டுப் போடாதவர்கள் கையில் இருக்கிறது.

சாயங்காலம் போனை வாங்கினாள்.

"யாரு?" என்றது அந்தப் பக்கம்.

"அண்ணாச்சி, ஆவுடைத்தங்கம் பேசுதேன்."

"சொல்லு தாயி. டிவில பாத்தோம்" என்றார் கொம்பையா.

"ஒங்க ஊரு மண்ணு வேணும் அண்ணாச்சி."

"எங்க ஊர்லதான் ஒனக்கு ஒத்த ஓட்டு இல்லியே. மண்ணு மட்டும் எதுக்காம்?"

"ஓட்டு கேக்கல அண்ணாச்சி. ஓட்டு கேட்டேன், நீங்க தரல, அது அன்னிக்கே முடிஞ்சு போச்சு. ஒங்க ஊருக்கும் சேத்துத்தான் நான் எம்.எல்.ஏ. அது எனக்கு இந்த வாசல்ல உக்காந்த பெறகுதான் ஒறைக்குது. ஒங்க ஊரைக் கழிச்சிட்டுக் கெளம்பினது எந் தப்பு. நேர்ல வந்து கேட்டிருக்கணும், ரோசத்துல கேக்கல. இப்பக் கேக்கேன்."

போன் வைக்கப்பட்டது. தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஐம்பத்தொன்பதாம் நாள். யாரும் வரவில்லை. வக்கீல் போன் பண்ணி நாளையோடு சரி என்று ஞாபகப்படுத்தினார், பெரிய உபகாரம். கொம்பையாவுக்கு என்ன வந்தது? இவள் உட்கார்ந்தே இருந்தால் இடைத்தேர்தல் வரும், மறுபடி நிற்பார், ஜெயித்தாலும் ஜெயிப்பார். தானே வந்து வாயில் விழுகிற பழத்தை யாராவது தட்டி விடுவார்களா என்று ரெஜினாள் புலம்பினாள்.

அறுபதாம் நாள் காலை ரயிலுக்குக் கொம்பையா வந்து இறங்கினார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி. ஆட்டோவில் வந்து கோட்டை வாசலில் இறங்கினவர், ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே சண்டைக்குத்தான் வந்தார்.

"மொதல்ல ஒண்ணு தெரியணும். ஊசிக்கிணத்துக்காரன் மோரக் குடுத்துக் கழுத்தறுத்துட்டான்னு நீ பேசினியாமே?"

"பேசினேன் அண்ணாச்சி."

"அந்த மோரு எங்க வீட்டு மோரு. குடுத்தவ எம் பொஞ்சாதி. இதா, அதே தூக்குவாளிதான். வெயில்ல வந்தவளுக்கு மோரு. எங்க ஊரு ஆளுக்கு ஓட்டு. ரெண்டையும் ஏன் ஒண்ணாப் போட்டுக் கொழப்புத?"

ஆவுடைத்தங்கத்துக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்த மோர் மறுபடி இப்போதுதான் தொண்டையில் இறங்கின மாதிரி இருந்தது.

"முந்தாநாள் நீ போன் பண்ணினத ஊர்கூட்டத்துல சொன்னேன்" என்றார் கொம்பையா. குரல் இறங்கியிருந்தது. "பேசாம இரும், இடைத்தேர்தல் வரும்னு நாலு பேரு சொன்னான். எம் பொஞ்சாதி எந்திரிச்சா. அந்தச் சபையில சேந்தன்கரைன்னு கூப்பிடுவாங்க, கூப்பிட்ட பேருக்குப் பதில் இல்லாமப் போனா அது ஆவுடைத்தங்கத்துக்கு மட்டுமா அசிங்கம், அந்தப் பேருக்குள்ள ஊசிக்கிணறும்லா இருக்குன்னு கேட்டா. அறுநூத்துப் பன்னெண்டு பேரும் வந்து ஆளுக்கொரு சிட்டிகை போட்டாங்க தாயி, ஒருத்தர் விடாம. எங்க ஊரு நின்னா மொத்தமாத்தான் நிக்கும், ஒண்ணு நழுவாது. அப்பேர்ப்பட்ட மண்ணு இது. இதுல நின்னு சத்தமாப் பேசு."

சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுசர், ஒன்றியத் தலைவராக இருந்தவர், மூன்று ரைஸ்மில்லுக்குச் சொந்தக்காரர், போலீஸ்காரரும் மற்ற எம்.எல்.ஏ.க்களும் பார்க்க, வேட்டி மண்ணில் புரளக் குனிந்து அவளுடைய ரெண்டு பூட்ஸிலும் மண்ணைப் போட்டார்.

கால் எழுந்தது.

அன்றைக்குச் சேந்தன்கரைத் தொகுதியில் உப்பளத்தில் உப்பு வாரவில்லை, பருத்திக்காட்டில் ஆளில்லை, படகு கடலுக்குப் போகவில்லை. டிவி இருந்த வீடெல்லாம் வாசல் வரைக்கும் கூட்டம். உறுதிமொழி எடுக்க வேண்டிய தொகுதியின் பேரைக் கூப்பிட்டார்கள். சபை நடுவில் முழங்கால் உயரக் கறுப்பு பூட்ஸ் தொம் தொம்மென்று நடந்து வந்தது, நடக்க நடக்க ஓரத்தில் காப்பிப்பொடி நிறத்தில் மண் உதிர்ந்தது. ஆவுடைத்தங்கம் மைக்கின் முன்னால் நின்று, பாத்தியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கூப்பிடுகிற அதே குரலில், "சேந்தன்கரை!" என்றாள். தலைமை நாற்காலியில் இருந்தவர், "மைக் இருக்கிறது அம்மா, நன்றாகவே கேட்கிறது" என்றார். "இருக்கட்டும் அய்யா, முப்பது வருசப் பாக்கி" என்று சொல்லி இன்னும் ரெண்டு தரம் அதைவிடச் சத்தமாகச் சொன்னாள். ஊசிக்கிணற்றில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள், கொம்பையாவின் பெண்டாட்டி குலவை போட்டாள், அந்த ஊரில் எதிர்த்து நின்றவளுக்கு விழுந்த முதல் குலவை அது.

அதற்குப் பிறகு அவள் போகவும் வரவும் ஒரு சிரமமும் இல்லை, திரும்பி வரும்போது கால் தானாகவே வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று சங்கிலி இன்றைக்கும் சொல்வான். ஐந்து வருசத்தில் அவள் நாற்பத்தோரு தரம் பேசினாள். முதலில் கேட்டு வாங்கினது ஊசிக்கிணற்றுக்குக் காலை ஏழு மணி பஸ். அளத்துக்குடியிருப்புக்காரர்களுக்கே அதில் வருத்தம்தான், பூஜ்யம் போட்ட ஊருக்கு முதல் பஸ்ஸா என்று ரெண்டு மாசம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். அடுத்த தேர்தல் வந்தது. கொம்பையாவே நின்றார், முன்னூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஆவுடைத்தங்கம் தோற்றாள். சனம் நன்றி கெட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம், இந்தத் தரம் மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது, மாற்றிப் பார்த்தது, அதற்குத்தானே தேர்தல். முடிவு அறிவித்த நிமிசத்தில் அவள் கால் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. வீட்டுக்கு நடந்து போகும்போது அந்தக் கனம் இல்லாதது அவளுக்கு அழுகையாக வந்தது, அதையும் மறைக்காமல் அழுதாள்.

நாலாம் நாள் காலை. முள்ளோடைப் பாலத்தின் வெள்ளைக் கோட்டில், ஒன்பதாம் நம்பர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொம்பையா நின்றார். மண் சேர்ப்பது இப்போது தொகுதியின் வழக்கமாகிவிட்டது, மேளம் கொட்டி இருநூற்று முப்பத்தாறு பூத்து மண்ணும் வந்து சேர்ந்துவிட்டது. வராதது நாற்பத்தோராம் பூத்து மட்டும், அளத்துக்குடியிருப்பு. அங்கே அவருக்கு ஓர் ஓட்டுக்கூட விழவில்லை. தங்கள் பெண்ணைத் தோற்கடித்த ஆளுக்கு மண்ணா என்று உப்பளத்துப் பெண்கள் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்வி. போய்க் கேட்டால்தான் உண்டு, கேட்க வேண்டும் என்று கொம்பையாவுக்கும் தெரியும், அவளே அன்றைக்குக் கேட்டாளே. ஆனாலும் தோற்றவள் வீட்டு வாசலில் ஜெயித்தவன் போய் எப்படிக் கை நீட்டுவது? டீயைக் குடித்தார், துண்டை உதறினார், மறுபடி ஒரு டீ குடித்தார். அரை மணி நேரம் அப்படியே போனது.

கிழக்கேயிருந்து ரெஜினாளின் ஸ்கூட்டி வந்தது. பின்னால் ஆவுடைத்தங்கம் உட்கார்ந்திருந்தாள், பாத்தியிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள், சேலை முழங்கால் வரைக்கும் நனைந்து உப்புப் பூத்திருந்தது. இறங்கினாள். கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி. ஐந்து வருசமாகத் திருப்பிக் கொடுக்காமல் அவள் வீட்டிலேயே இருந்த அதே தூக்குவாளி.

கொம்பையா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மேளக்காரர்கள் தானாக நிறுத்திவிட்டார்கள்.

"நான் இன்னும் கேக்கவே இல்லியே தாயி" என்றார்.

"கேட்ட பெறகு குடுத்ததெல்லாம் போன தேர்தலோட போச்சு அண்ணாச்சி" என்று மூடியைத் திறந்தாள் ஆவுடைத்தங்கம். "காலைக் காட்டுங்க."